அப்பாவின் போனிலிருந்து ஓர் அழைப்பு

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் போன் அப்பாவுக்குத்தான் வரும். தெரு நலச் சங்கத் தலைவர் அவர். பாதிச் சோற்றில் எழுந்து, ஐஸ் பெட்டிக்காரரிடம் போனில் சொல்லிவிட்டு, அந்த வீட்டுக்கு ஓடுவார். திரும்பி வந்து தலைக்குக் குளித்ததும் எங்கள் ஒவ்வொருவரிடமும், “சாப்ட்டியா?” என்று கேட்பார். அவர் கண்ணெதிரில் சாப்பிட்டு முடித்தவர்களையும் விடமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும்.

போன மாசியில் ஒருநாள் காலை, நெஞ்சுவலி என்று அப்பாவைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஐஸ் பெட்டிக்கு நான்தான் சொல்ல வேண்டும். அந்த நம்பர் அப்பாவின் போனில்தான் இருந்தது. அதிலிருந்தே கூப்பிட்டேன்.

ஐஸ் பெட்டிக்காரர் உடனே எடுத்தார். “சொல்லுங்கண்ணே, இன்னிக்கு யாரு வூட்டுக்கு?”

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

“அண்ணே, கேக்குதா? எந்த வூடுன்னு மட்டும் சொல்லுங்க. வண்டி ரெடியா இருக்குது.”

“நான் அவரு பொண்ணு பேசறேன்,” என்றேன். “எங்க வூட்டுக்குத்தான்.”

எத்தனையோ சாவுகளைப் பார்த்த அந்த மனிதர் வாய்விட்டு அழுதார்.

சாயங்காலம் எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வற்புறுத்தி ஊட்டிய இரண்டு வாய்ச் சோற்றோடு அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் சாப்பிட்டதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் கேட்டேன்.

“சாப்ட்டியாம்மா?”

“சாப்ட்டேன்டி.”

அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்பா ஏன் எல்லோரையும் கேட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது.