உறைப்பில்லாத சிவப்பு

பிரெஞ்சுக்காரரின் இந்த நாட்டில் ஒரு கறி சிவப்பாக இருக்கிறது என்பதற்காக அது உறைக்கும் என்று நினைக்கக் கூடாது. வந்த புதிதில் என்னைத் தடுமாற வைத்தது இதுதான். ஊரில் கறிச்சட்டியில் எண்ணெய் சிவந்து மிதந்தால், தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட உட்காருவோம். இங்கே பள்ளிக்கூடக் கன்ரீனில் இரத்தச் சிவப்பாக ஒரு குழம்பை என் தட்டில் ஊற்றினார்கள். பயந்து பயந்து நாக்கில் வைத்தேன். இலேசான இனிப்பைத் தவிர ஒன்றுமே இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, லா ஷப்பலில் என் ஒற்றை அறையின் அடுப்பில் ஷொரிசூவைத் துண்டுபோட்டு வதக்கும்போதும் அதே ஆச்சரியம். ஷொரிசூ என்பது போர்த்துக்கீசரின் சொசேஜ். பன்றி இறைச்சியோடு உள்ளியும் உறைப்பில்லாத மிளகாய்த்தூளும் சேர்த்துக் குடலில் அடைத்துப் புகையில் காயவிடுவது. சட்டியில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடத் தேவையில்லை. சூடேறியதும் தானே உருகி, எங்கள் ஆட்டிறைச்சிக் கறியை விடச் சிவப்பாக எண்ணெய் விடுகிறது. மணத்தைப் பார்த்தால் கண் எரிய வேண்டும். எரியவில்லை.

நான் இதற்கு முன் பன்றி சமைத்ததில்லை, சாப்பிட்டதுமில்லை. குடைமிளகாய்களை ரூ காய் தெருவில் எங்கள் ஆட்களின் கடையில் வாங்கினேன். நான்கையும் நிமிர்த்தி வைத்து, விழாமல் நிற்கிறதா என்று பார்த்ததைக் கடைக்காரர் கவனித்துக்கொண்டிருந்தார். "என்ன தங்கச்சி, மிளகாய் வாங்குறீரோ, மாப்பிளை பாக்கிறீரோ?" என்று கேட்டார். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஷொரிசூவை வாங்கியது வேறு பகுதியில், ஒரு போர்த்துக்கீசக் கடையில். அதைப் பையின் அடியில் வைத்து, மேலே கீரைக்கட்டைப் போட்டு மூடிக்கொண்டுதான் ரூ காயைக் கடந்து வந்தேன். ஒருவரும் என்னைக் கேட்கப் போவதில்லை. ஆனாலும் மூடினேன்.

மத்தியானம் அண்ணை சாப்பிட வருகிறார். அதற்காகத்தான் இந்தச் சமையல்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. அண்ணையின் படிப்பு இடம்பெயர்வில் நின்றது. அவர் இங்கே வந்து றெஸ்ரோறன்ற்களில் கோப்பை கழுவி, மரக்கறி வெட்டி, கடைசியில் ஒரு போர்த்துக்கீச உணவகத்தில் சமையல்காரர் ஆனார். என்னை இங்கே எடுத்துப் படிக்க வைத்தவரும் அவர்தான். நான் பல்கலைக்கழகம் முடித்து ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, தன் உணவகத்தில் எல்லாருக்கும் கேக் வெட்டினாராம். எனக்கு இன்றைக்கும் என் படிப்பில் பெருமை உண்டு. அண்ணைக்கு என்னைவிடப் பெருமை. செவ்ரானில் அவரும் அண்ணியும் பிள்ளைகளும் இருந்த வீட்டில், ஜன்னலோரம் எனக்கென்று ஒரு மேசை போட்டுத் தந்தார். நான் படிக்கும்போது தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தே வைத்திருப்பார்.

அந்த வீட்டில் சட்டிகள் இரண்டு வகை. மச்சச் சட்டிகள் கழுவுதொட்டிக்குக் கீழே இருக்கும், சைவச் சட்டிகள் மேல்தட்டில். வெள்ளிக்கிழமைகளில் மேல்தட்டுச் சட்டிகளை மட்டும்தான் எடுக்கலாம். கழுவுகிற பஞ்சுகூட இரண்டு நிறம். நிறம் மாறிவிட்டால் அண்ணி அந்தப் பஞ்சையே எறிந்துவிடுவார். மச்சம் என்றாலும் மீன், கோழி, ஆடு மட்டும்தான். மாடும் பன்றியும் எந்தச் சட்டிக்கும் இல்லை. அலுவலகத்தில் ஒருத்தி நான் பன்றித்துண்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதைக் கண்டு, "ஒவ்வாமையா?" என்று கவலையோடு கேட்டாள். இல்லை, வீட்டுப் பழக்கம் என்றேன். "சமயமா?" என்றாள். அப்படியும் இல்லை, சட்டி என்று விளக்கத் தொடங்கினேன். அவளுக்கு விளங்கவில்லை. கடைசியில் ஆமாம், ஒவ்வாமை என்று சொல்லிவிட்டேன். அடுத்த விருந்தில் என் பெயர் எழுதிய தனித் தட்டு வந்தது.

சேவியரை மாலை வகுப்பொன்றில் சந்தித்தேன். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், எபினேயில் தாயோடு இருந்தார். வகுப்பு முடிந்து கார் து நோர் றயில் நிலையம் வரை நடந்து வருவோம். நான் இலக்கணத் தவறு விட்டால் திருத்தமாட்டார், அடுத்த வசனத்தில் தானே அதைச் சரியாகச் சொல்லிவிட்டு நடப்பார். அவரைக் கல்யாணம் செய்ய விரும்புகிறேன் என்று அண்ணையிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றார். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என்னை உட்கார வைத்துக் கதைத்தார்.

"நல்ல பெடியன்தான், பிள்ளை. ஆனால் பண்டி தின்னுற வீடு. அந்தச் சட்டியிலை சமைச்சதை நீ எப்பிடிச் சாப்பிடுவாய்?"

"தான் விட்டிடுறன் எண்டு சொல்லுறார், அண்ணை. விட்டிட்டார்."

"ஆள் விடும். சட்டி விடாது. நாளைக்கு அம்மா இஞ்சை வந்தால் உன்ரை வீட்டிலை ஒரு வாய் தண்ணி குடிப்பாவோ?"

கழுவுதொட்டியில் நின்ற அண்ணி திரும்பாமலே, "அவளைப் போட்டு வதைக்காதையுங்கோ" என்றார். அண்ணை, "நான் வதைக்கேல்லை. அவள் படிச்சவள். யோசிச்சு முடிவெடுக்கட்டும்" என்றார்.

யோசித்தேன். சீதனம் என்றோ சாதி என்றோ சொல்லியிருந்தால் அன்றிரவே பெட்டியைக் கட்டியிருப்பேன். அவற்றுக்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. சட்டிக்குப் பதில் இருக்கவில்லை. அது நானும் சேர்ந்து கழுவி அடுக்கிய சட்டி. அம்மா என் வீட்டு வாசலில் நின்று, தாகத்தோடு, தண்ணீர் வேண்டாம் என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன். சேவியரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "அவ்வளவுதானே? உங்கடை அண்ணையிட்டைச் சொல்லுங்கோ, வீட்டிலை இருக்கிற சட்டி முழுக்க எறியிறம். புதுச்சட்டி வாங்குவம்." அவருடைய தாய் அந்த நத்தார்ப் பண்டிகைக்குப் பன்றிக்குப் பதிலாகக் கோழி சமைத்தாராம், வரப்போகிற மருமகளை நினைத்து. எனக்கு அதுவும் போதவில்லை. என் வாயால்தான் முடியாது என்று சொன்னேன். அவர் பிறகு தூலூஸுக்கு வேலை மாறிப் போனார். அங்கேயே கல்யாணம் நடந்தது என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அண்ணை வீட்டுக் கதவின் திறப்பை மேசையில் மறந்துவிட்டு வேலைக்குப் போனார். சனிக்கிழமைகளில் நான் வீட்டில் இருப்பதில்லை. லா ஷப்பலில் எங்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் வருவேன். அன்று பாடத்துக்குப் போகிற வழியில் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று உணவகத்துக்குப் போனேன். முதலாளி மதாம் லூசியா என்னைக் கண்டதும் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, மறுப்பைக் காதில் வாங்காமல் உட்கார வைத்து, ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். சிவப்புக் குடைமிளகாய் ஒன்று, தன் காம்பு மூடியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றது. சுற்றிவரச் சிவப்பு எண்ணெய். உள்ளே என்ன என்று கேட்டேன். சோறும் ஷொரிசூவும் என்றார். நான் பன்றி சாப்பிடுவதில்லை என்று சொன்னேன்.

"மெலியப் பார்க்கிறாயா? இதற்கு மேல் மெலிந்தால் காணாமல் போய்விடுவாய்."

"அதில்லை, மதாம். எங்கள் குடும்பத்தில் சாப்பிடுவதில்லை."

"ஓ, மன்னித்துக்கொள். முஸ்லிமா?"

"இல்லை, இந்து."

மதாம் லூசியா என்னையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியென்றால் உன் அண்ணன் எந்தக் குடும்பம்?" என்று கேட்டுவிட்டு, நல்ல பகிடி ஒன்று விட்டதுபோலத் தானே சிரித்தார். பிறகு பெருமையோடு விளக்கினார். இது உன் அண்ணனின் தட்டு. நாங்கள் பாண் வைத்துத்தான் அடைப்போம், அவர் சோறு வைத்தார். ஏதோ ஒரு விதை வறுத்துப் போடுகிறார், ஓர் இலையும் போடுகிறார். சனிக்கிழமை ஆட்கள் இதற்காகவே வருகிறார்கள். மிச்சத்தைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். இல்லாவிட்டால் பிள்ளைகள் உள்ளே விடமாட்டார்களாம்.

அந்தப் பெட்டி எனக்குத் தெரியும். செவ்ரான் வீட்டின் பல்கணியில், இரண்டு வகைச் சட்டிகளோடும் சேராமல் தனியாக இருக்கும் பிளாஸ்ரிக் பெட்டி. எவ்வளவு தேய்த்தாலும் போகாத ஒரு சிவப்பு அதில் ஏறியிருந்தது. "அது கொண்ணையின்ரை வேலைப் பெட்டி, நீர் தொடாதையும்" என்று அண்ணி சொல்லியிருக்கிறார். கறித்தூள் பிடித்த பெட்டி என்று நினைத்திருந்தேன். அதற்கென்று மூன்றாவதாக ஒரு பஞ்சும் இருந்திருக்கும்.

அண்ணையைப் பின்கதவால் வெளியே கூப்பிட்டேன். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் முகத்தைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

"பண்டி ஒரு கதைக்குச் சொன்னது, பிள்ளை."

"அப்ப உண்மைக் கதை என்ன?"

"மன்னாரிலை ஆளை விட்டு விசாரிச்சனாங்கள். அவை எங்கடை ஆக்கள் இல்லை. அதை உனக்குச் சொன்னால் நீ விட்டிருப்பியோ? படிச்சனி. வழக்குப் பேசியிருப்பாய்."

"ஓம். பேசியிருப்பன்."

"அதுதான்" என்றார் அண்ணை.

சாதி என்ற சொல்லை அப்போதும் அவர் வாயால் சொல்லவில்லை. உள்ளே யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், போனார். நான் திறப்பைக் கொடுக்க மறந்துவிட்டேன். என்னை யாராவது அடித்திருந்தால், பூட்டி வைத்திருந்தால், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, எதிர்த்து நிற்கலாம். என்னிடம் பதில் இல்லாத ஒரேயொரு காரணத்தை எனக்கென்று தேடி எடுத்து என் கையில் கொடுத்து, நீ படித்தவள், நீயே முடிவெடு என்று சொல்வதை எப்படி எதிர்ப்பது? என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒருவரால்தான் அதைச் செய்ய முடியும்.

செவ்ரானை விட்டு இந்த அறைக்கு வந்தேன். அண்ணையோடு பேசாமல் இருந்துவிடவில்லை. நாங்கள் அப்படிப்பட்ட ஆட்களும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இது தெரியாது. அம்மாவையும் ஏமாற்றியிருக்கிறார். பன்றி சமைக்கிற கையால் அனுப்பும் கோயில் படங்களைப் பார்த்து, என் பிள்ளை வெள்ளிக்கிழமை தவறாதவன் என்று அம்மா நம்பிக்கொண்டிருக்கிறா. நான் சேவியரை விட்டது அம்மா குடிக்க வேண்டிய அந்த ஒரு வாய் தண்ணீருக்காக. அதுவாவது உண்மையாக இருக்கட்டும் என்று இருந்தேன். போன வாரம் அண்ணை கூப்பிட்டு, ரொறன்ரோவில் ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது, ஞாயிறு வந்து கதைக்கிறேன், அம்மாவையும் வாட்ஸ்அப்பில் எடுப்போம் என்றார். அப்போதுதான் முடிவெடுத்தேன். அவருடைய தட்டை அவருக்கு முன்னால் வைத்து, அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்வேன். பிறகு கதைக்கட்டும் சம்பந்தம்.

ஷொரிசூ விட்ட எண்ணெயிலேயே வெங்காயத்தை வதக்கி, அரைவேக்காட்டுச் சோற்றைப் பிரட்டினேன். பெருஞ்சீரகத்தை வறுத்துப் போட்டேன், கறிவேப்பிலையும் கிள்ளிப் போட்டேன். நான்கு மிளகாயையும் அடைத்து மூடி வைத்து அவண் அடுப்புக்குள் விட்டேன். அண்ணை ஒரு சீப்பு கப்பல் வாழைப்பழத்தோடு படியேறி வந்தார். கதவைத் திறந்ததுமே மணம் பிடித்துவிட்டது. கை கழுவினார், உட்கார்ந்தார். தண்ணீர்ப் போத்தலில் சாத்தி வைத்த தொலைபேசியில் அம்மா வந்தா.

"என்ன பிள்ளை சமைச்சனி?"

அண்ணை என்னைப் பார்த்தார். தட்டைத் தூக்கி அம்மாவுக்குக் காட்டினேன். "பண்டி, அம்மா. அண்ணை வேலையிலை சமைக்கிறது. வீட்டையும் கொண்டுபோய்ச் சாப்பிடுறது."

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டவாக வந்து பார்த்தா. "ஆ, அந்தப் போத்துக்கீசச் சொசேஜ் வைக்கிறதோ? கொண்ணை முந்திப் படம் அனுப்பினவன். நல்ல ருசியாம். உறைப்புத்தான் காணாதாம். நான் அனுப்பின தூளிலை கொஞ்சம் போட்டனியே?"

"உங்களுக்குத் தெரியுமோ?"

"வேலைக்குப் போற இடத்திலை ஆம்பிளைப் பிள்ளை என்னத்தைத் திண்டால் என்ன?"

"அப்ப சட்டி?"

"என்ன சட்டி, பிள்ளை?" என்று கேட்டா அம்மா.

நடிப்பில்லை. அம்மாவுக்குச் சட்டிக் கதையே தெரியாது. என்னை மறிக்க அம்மாவின் தாகத்தைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அம்மாவுக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் மன்னாரில் விசாரித்ததைக் கேட்டதும், "அது நானும் கொண்ணையும் சேர்ந்தெல்லோ விசாரிச்சனாங்கள்" என்றா. இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அண்ணை தட்டைப் பார்த்தபடி குடைமிளகாயின் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தார். பழகிய கை. சாப்பிடத் தொடங்கினார். "சோறு கொஞ்சம் கூட வெந்திட்டுது" என்றார் மெதுவாக.

ரொறன்ரோ மாப்பிள்ளையின் படத்தை நான் பார்க்கவில்லை. "அவர் என்ன சாப்பிடுவார் எண்டு நான் கேக்கமாட்டன், அண்ணை. ஆர் எண்டு நீங்கள் விசாரிச்சு முடிச்சிருப்பியள். எனக்கு வேண்டாம்" என்றேன். அம்மா தொலைபேசிக்குள் இருந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தா. அண்ணைதான் அழைப்பை நிறுத்தினார். போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "பிள்ளையள் உன்னைக் கேக்கினம்" என்றார். நான் தலையாட்டினேன்.

தட்டில் மூன்று மிளகாய்கள் மிச்சம். என் அலுமாரியிலும் இரண்டு வகைச் சட்டிகள்தான். செவ்ரானிலிருந்து வந்தபோது வேறெதையும் யோசிக்காமல் அப்படித்தான் வாங்கி அடுக்கினேன். மிச்சத்தை எதற்குள் எடுத்து வைப்பது என்று இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். சைவச் சட்டிக்குள் வைக்க முடியாது. மச்சச் சட்டிக்குள் வைக்கவும் கை போகவில்லை. ஜன்னலுக்குக் கீழே தண்டவாளங்களில் ஒரு றயில் வடக்கே போனது. அண்ணை அதில் இருந்திருக்கலாம்.

கடைசியில் தட்டோடு ஜன்னலடியில் நின்று, ஒரு மிளகாயின் மூடியைத் திறந்து, ஒரு வாய் எடுத்து வைத்தேன். பன்றி இப்படித்தான் இருக்குமா என்று தெரியவில்லை. புகை மணம், உப்பு, இலேசான இனிப்பு. அம்மா சொன்னது சரிதான், உறைப்பே இல்லை. அலுமாரியின் மேல்தட்டிலிருந்து, அம்மா ஊரிலிருந்து அனுப்பிய தூளை எடுத்தேன். அதைச் சிவந்த சோற்றின் மேல் தூவி, மிச்சத்தையும் சாப்பிட்டேன்.