அரண்மனை வாசலில் ஒரே கேள்வி

தலைநகரத்தின் பழைய அரண்மனை வாசலில் நிற்கும் காவல்காரிக்குப் பதினெட்டு வருட சர்வீஸ். வேலைக்குச் சேர்ந்த புதிதில், யாராவது கேட்டால் திருதிருவென்று விழிக்கக் கூடாதே என்று, தூண்களின் எண்ணிக்கையிலிருந்து கூரை ஓவியம் வரைக்கும் தலைகீழாகப் பாடம் பண்ணி வைத்தாள். எவன் கேட்டான்? உலகத்தின் எந்த மூலையிலிருந்து வந்தவருக்கும் ஒரே சந்தேகம்தான்.

"பாத்ரூம் எங்கேம்மா?"

"இடது பக்கம் திரும்பி நேராப் போங்க, ரெண்டாவது கதவு."

தூக்கத்திலும் இதையேதான் உளறுகிறாளாம். "நீ அரண்மனையைக் காக்குறியா, கக்கூஸைக் காக்குறியா?" என்று புருஷன் வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவான்.

நேற்று மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார். அவர் வாயைத் திறந்ததுமே இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கேட்டு முடித்ததும் கையை நீட்டி, "இடது பக்கம் திரும்பி நேராப் போங்க, ரெண்டாவது கதவு!" என்று வெடித்தாள்.

அங்கே எழுதிப் போட்டிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, மனிதர் நன்றி சொல்லிவிட்டு நடந்தார். அவர் தலை மறைந்த பிறகுதான் கேட்ட கேள்வி இவள் மண்டையில் ஏறியது.

"இந்த அரண்மனையை யாரும்மா கட்டினது?"