மகளுக்குக் கேள்வியை வாசித்துக் காட்டியவர்

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். மகளுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் மலேசியாவில், புக்கிட் ரம்பாயில் இருந்தோம். மகள் மலாக்கா டவுனில் ஒரு காலேஜில் படித்தாள். காதால் கேட்டால் எல்லாம் பிடிபடும். தாளைப் பார்த்தால் எழுத்துகள் இடம் மாறி ஓடும். அடுத்த பரீட்சையிலும் தவறினால் நிறுத்திவிடுவோம் என்றார்கள் காலேஜில்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அங்கே விரிவுரையாளர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பயிற்சி கொடுத்த அம்மா என்னையும் மகளையும் கூப்பிட்டிருந்தார். எனக்கு இருப்பே கொள்ளவில்லை. "முருகா, முருகா" என்று திருநீற்றுப் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

"வாய் மட்டும் நல்லா பேசுது. பரீட்சைத் தாளு காலி. சோம்பேறித்தனம்தான் லா மேடம்," என்றார் கணக்கு விரிவுரையாளர்.

"நீங்களே ஒரு கேள்வி வாசிங்க சார், பார்ப்போம்," என்றார் பயிற்சி கொடுத்த அம்மா.

வாசித்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டு சரியாகப் பதில் சொன்னாள்.

"இரும்மா, இன்னொன்னு கேக்குறேன்," என்று அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

அடுத்த பரீட்சையில் அவரே கேள்விகளை வாசித்தார். மகள் தேறினாள்.

"பால்குடம் எடுத்தீங்க, முருகன் குணமாக்கிட்டாரு பாத்தீங்களாக்கா," என்றார்கள் கோயிலில். குணமாகவில்லை. இன்றும் எழுத்து அவளுக்கு ஓடத்தான் செய்கிறது. முருகன் அனுப்பியது வாசித்துக் காட்ட ஓர் ஆளை.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். குணமானது என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அதை நம்பி இன்னொரு தாய் காலேஜ் வாசலை மிதிக்காமலே இருந்துவிடுவாள்.