பொட்டு ஒட்டிய பக்கங்கள்

"அக்கா, இந்தப் புத்தகத்துல பொட்டு ஒட்டியிருக்கு."

"ஆமா."

"ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒட்டியிருக்கு."

"ஸ்டிக்கர் பொட்டுதானே லா. மெதுவா இழுத்தா வந்துரும். புத்தகத்துக்கு ஒண்ணும் ஆவாது."

அதற்கு மேல் லோஷினி கேட்கவில்லை. சிங்கப்பூருக்கு இக்கரையிலுள்ள ஸ்கூடாயில், குடியிருப்பு மண்டபத்தின் சிறிய நூலகத்தை சனிக்கிழமைகளில் பார்த்துக்கொள்கிறவள் அவள். அதிகம் பேசமாட்டாள். யோகேஸ்வரி அக்காவிடம் எதிர்க்கேள்வி கேட்கும் துணிச்சலோ அந்தச் சாலையில் லாரிக்காரர்களுக்கே கிடையாது.

யோகேஸ்வரி பள்ளி வேன் ஓட்டுகிறவர். மதியம் பாலர் பள்ளிச் சின்னதுகளை ஏற்றிக்கொண்டு, பெரியதுகள் வரும்வரை அரை மணி நேரம் பள்ளி வாசலில் காத்திருக்க வேண்டும். அதற்குள் வேன் போர்க்களமாகிவிடும். அதட்டிப் பார்த்தார், பிஸ்கட் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் மிருகங்கள் வரும் படக்கதைப் புத்தகங்களை எடுத்துப்போய் வாசித்துக் காட்ட ஆரம்பித்தார். வேன் அடங்கியது. மழைக்காட்டில் தாயும் குட்டியுமாக யானைகள் நடக்கும் புத்தகம் என்றால் மூச்சுச் சத்தம்கூட வராது. இலை நுனியில் நிற்கும் துளி தெரியும் அளவுக்கு வரைந்த படங்கள் அதில்.

அன்று அக்கா திருப்பிக் கொடுத்த ஆறு புத்தகங்களிலும் பொட்டு இருந்தது. அவர் அலமாரியில் அடுத்த புத்தகங்களைத் தேடுவதற்குள் லோஷினி ஒவ்வொன்றாக உரித்தாள். நாய், ஆமை, கிழட்டுக் குதிரை என்று ஒவ்வொரு பொட்டுக்கும் பின்னால் யாரோ ஒருவர் செத்துக் கிடந்தார். யானைப் புத்தகத்தில் தாய் யானை. பிள்ளைகள் கேட்கும் என்று அதை மட்டும் அக்கா மறுபடியும் எடுத்துப்போனார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வந்த வேகத்திலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

"மறுபடி பொட்டு ஒட்டித்தான் படிச்சேன். ஆனா வேன்ல கவின் கேட்டுட்டான், அம்மா யானை எங்கன்னு. போன பக்கத்துல இருந்துச்சு, இந்தப் பக்கத்துல காணோம். அஞ்சு வயசுப் பையன், விடுவானா?"

"என்ன சொன்னீங்க?"

"சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருக்குன்னு."

லோஷினி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிக்காத. படத்துல சாயங்காலமாச்சே, ஏன் இன்னும் வரலன்னான். பாலத்துல ஜாம்னு சொன்னேன்."

பிள்ளைகள் அதை மறுபேச்சில்லாமல் நம்பின. அவர்களில் பாதிப்பேரின் அம்மாக்கள் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். ஜாம் எப்படியும் விலகும், அம்மா வந்துவிடுவாள். ஆனால் மறுநாள் வாசித்தபோதும் வரவில்லை, அதற்கு மறுநாளும் யானை வரவில்லை. வியாழக்கிழமை கவின் தன் அம்மா கஸ்தூரியின் ஹெல்மெட்டை அரிசி வாளிக்குள் ஒளித்துவைத்துவிட்டு, வாளியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"கஸ்தூரிக்கு அன்னிக்கு ஒரு நாள் சம்பளம் போச்சு. போன்ல என்னை அலசிக் காயப்போட்டுட்டா. அவன் இன்னும் ராத்திரில எழுந்து அம்மா இருக்காளான்னு தொட்டுப் பாக்குறானாம்."

"உள்ளதைச் சொல்லிருங்களேன் அக்கா."

"சொல்லித்தான் ஆகணும். ஆனா அந்தப் பக்கம் வந்தா என்னால படிக்க முடியல. ஒரு தடவை அழுதுட்டேன்னா, அப்புறம் நான் பெல்ட்டு போடுன்னா எவன் போடுவான்?"

யானைப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். சாலையில் யாருக்கும் வழிவிடாத அந்தக் குரல் இறங்கிப்போயிருந்தது.

"திங்கக்கிழமை மத்தியானம் வேனுக்கு வாம்மா. அந்த ஒரு பக்கத்தை மட்டும் நீ படிச்சிரு. நான் கீழ இறங்கி டயர் பாக்குற மாதிரி நிக்கிறேன்."