மாப்பிள்ளை பேசி அனுப்பிய கேசட்

எண்பதுகளில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரேடியோ, டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். வாடிக்கையாளர் என்ற ஜென்மத்தையே எனக்குப் பிடிக்காது. உள்ளே இருக்கும் ஜப்பான் சாமானை உருவிக்கொண்டு லோக்கல் சாமானை மாட்டிவிடுவேன் என்று ஊரே நம்பியது. எறையூரிலிருந்து வந்த ஒருவர், செட்டுக்குள் இருந்த ஒவ்வொரு பாகத்துக்கும் மனைவியின் நகப்பாலீஷால் அடையாளப் பொட்டு வைத்திருந்தார். பாலீஷ் வழிந்து மோட்டாரே ஒட்டிப்போயிருந்தது. ஆண்டிமடத்து முந்திரி வியாபாரி ஒருவர், ரேடியோ கரகரக்கிறது என்று உள்ளே தேங்காய் எண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்தார். "எண்ணெ வுட்டா எதுவும் சரியாப் போயிரும்ங்க" என்று எனக்கே பாடம் வேறு.

நானும் சளைத்தவன் இல்லை. ரிப்பேர் பார்த்த செட்டில் என் கேசட்டைப் போட்டுச் சோதிக்கவே மாட்டேன். செட் டேப்பைக் கடித்தால் அவர்களுடையதையே கடிக்கட்டும்.

ஒருநாள் மத்தியானம் லெப்பைக்குடிகாட்டிலிருந்து ஒரு பெரியவர் டேப் ரெக்கார்டரைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். கேசட் உள்ளேயே மாட்டிக்கொண்டு மூடி திறக்கவில்லை.

"மக பெத்துருக்கா தம்பி, பொம்பளப் புள்ள. என்ன பேரு வைக்கணும்னு மாப்ள துபாய்லேருந்து பேசி அனுப்பியிருக்காரு. பேரைச் சொல்லப்போற நேரத்துல சிக்கிக்கிச்சு. நாளைக்கு ஏழாம் நாளு, பேரு வச்சாகணும். நீங்க மட்டும் போட்டுக் கேட்டுறாதீங்க. புருஷன் பொண்டாட்டி பேச்சு, எம்மவதான் மொதல்ல கேக்கணும்."

மாப்பிள்ளை கேசட்டின் ஒரு பக்கம்தான் பேசியிருக்கிறாராம். மறுபக்கத்தில் மகள் பதில் பேசி அனுப்ப வேண்டும், அதனால் ரெக்கார்டிங்கும் பார்த்துவிட வேண்டுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. ஊரில் இல்லாத பேரா, கடல் தாண்டி வருவதற்கு? இவர்கள் வீட்டு ரகசியத்தை ஒட்டுக் கேட்கவா கடை திறந்து வைத்திருக்கிறேன்? டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

மூடியைக் கழற்றிக் கேசட்டை எடுத்தேன். தொங்கிய டேப்பைப் பென்சிலால் சுற்றி ஏற்றினேன். ரெக்கார்டிங் பார்க்க, பேசாத பக்கம் என்று திருப்பிப் போட்டேன். சுற்றும்போதே ஒருமுறை திருப்பியிருந்ததை மறந்துபோனேன். இரண்டு லேபிளிலும் அரபி எழுத்து. ஒரு நொடி போட்டுக் கேட்டிருந்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும். கேட்கக் கூடாது என்றாரே, கேட்காமலே செய்கிறேன் என்று வீம்பு. சிவப்புப் பட்டனை அழுத்தி வாய்க்கு வந்ததைப் பேசினேன். அதை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன், கணீரென்று இருந்தது. பெரியவர் துவா செய்துவிட்டு வாங்கிப் போனார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். செட்டை மேசைமேல் வைத்துப் பட்டனை அழுத்தினார்.

"ஆம்பளப் புள்ளையா இருந்தா எங்க வாப்பா பேரு. பொம்பளப் புள்ளையா இருந்தா..." என்றது ஒரு வாலிபக் குரல். அதை வெட்டிக்கொண்டு என் குரல் வந்தது.

"ஹலோ, ஒன், டூ, த்ரீ. இந்த ஜென்மங்களுக்கெல்லாம் எதுக்குடா ஜப்பான் செட்டு? ஹலோ, ஹலோ."

பிறகு அந்த வாலிபன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் வரிசையாக சலாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எம்மவ தனியா உள்ள வச்சுக் கேட்டா. அழுதுகிட்டே வெளிய வந்துட்டா தம்பி. மத்தியானம் சனமெல்லாம் வந்துரும்."

"மன்னிச்சுருங்க பாய்" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மேசைமேல் சாய்ந்து, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"கேக்காதீங்கன்னு சொன்னேன். இருந்தாலும் நீங்க கேட்டிருப்பீங்க. பரவால்ல, கோவிச்சுக்க மாட்டேன். அந்தப் பேரு என்னான்னு மட்டும் சொல்லிருங்க தம்பி."

நான் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வாடிக்கையாளர் சொன்னபடி நான் அட்சரம் பிசகாமல் நடந்தது அந்த ஒருநாள்தான்.