மாமாவின் மகளும் என் பரம்பரை நோய்க் கட்டுரையும்

தொண்ணூறுகளில் கொழும்பு வாரப் பத்திரிகையொன்றுக்கு விஞ்ஞானப் பக்கம் எழுதத் தொடங்கியபோது, எனக்குத் தெரியாத விசயமே இல்லை என்ற நினைப்பில் கல்முனையில் நடமாடினேன். வயலில் விழும் பூச்சி முதல் வியாழனின் நிலாக்கள் வரை எதையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அது ஊருக்குத் தெரிய, சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனாக்கள்.

ஒரு வாரம் என் பார்வை குடும்பங்களின் மேல் திரும்பியது. சொந்தத்துக்குள் கல்யாணம் முடிப்பதால் பிள்ளைகளுக்கு வரக்கூடிய பரம்பரை நோய்கள் பற்றி முழுப் பக்கம் எழுதினேன்.

அது அச்சில் வந்த வாரம்தான், உம்மாவின் காக்கா, அதாவது என் மாமா, தன் மகளுக்கு என்னை மாப்பிள்ளை கேட்டு வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் கேட்டு வருவார்கள். மாமா மகளான அந்த மச்சியை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதும் குறைத்துச் சொன்னதுதான். ஆனாலும் கட்டுரை வேறு, வீடு வேறு என்றிருந்தேன். மாமா அந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறவர்.

வெள்ளி மாலை அசர் தொழுகை முடிந்தும் மாமா வரவில்லை. எழுத்தறியாத வாப்பா, "அந்தப் பேப்பர வாசி மனே" என்றார். வானொலிச் செய்தி வாசிப்பவர் குரலில் வாசித்தேன். 'படித்த இளைஞர்கள் இவ்வழக்கத்தைத் துணிந்து கைவிட வேண்டும்' என்று முடித்தேன்.

"ஆருடா அந்தப் படிச்ச இளைஞன்?" என்றார் வாப்பா.

மாமாவுக்கென்று சுட்ட பணியாரத்தை உம்மா உள்ளே எடுத்துப் போய்விட்டார்.

மறுநாள் மாமா வீட்டில் போய் நின்றேன்.

"எங்கட புள்ள வேணாமெண்டா வாயால செல்லியிருக்கலாமே மருமகன். அச்சடிச்சு ஊருக்கெல்லாம் குடுக்கணுமா?"

"அப்பிடியில்ல மாமா. நோய் வாற சாத்தியம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கனபேருக்குப் புள்ளைகள் சுகமாத்தான் பிறக்கும்."

உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த மச்சி திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "அப்ப அத ஏன் மச்சான் எழுதல்ல?"

"எழுதினா கட்டுரை சப்பெண்டு போயிருமெண்டு விட்டுட்டன்."

மாமா என் இரண்டு பேனாக்களையும் பார்த்தார். "அதையும் எழுதுங்க. பேப்பர்ல வரட்டும், நாங்களும் வாறம்."

இரண்டு பக்கத்தில் திருத்தம் அனுப்பினேன். பல வாரம் கழித்து, இராசிபலனுக்குக் கீழே மூன்று வரியாக வந்தது. அடுத்த வெள்ளி மாமா அந்தத் துண்டோடும் ஒரு வாழைக்குலையோடும் வந்தார். வாப்பா அதையும் வாசிக்கச் சொன்னார். எல்லோர் முன்னாலும் வாசித்தேன். அந்தக் குரலுக்கு எந்த வானொலியிலும் வேலை கிடைத்திராது.