மாமனார் பிடித்த கைப்பிடி

அந்த வண்டியின் கதவுக் கைப்பிடியை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். ஒரு சாண் நீளம் இருக்கும். மேல்பூச்சு உரிந்து அடியில் பித்தளை தெரியும். அதன்மேல் டிரைவர் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டியிருந்தார். அந்தக் கறுப்புச் சுற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, உள்ளே என்னவோ உயிரோடு இருக்கிறது, அதற்குத்தான் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் நடமாடும் மருத்துவ வண்டியில் நர்சாக இருந்தேன். வண்டி பஸ் அளவு பெரியது. டாக்டரம்மா படுக்க ஒரு கட்டில், ஸ்டவ் வைக்க ஒரு மூலை, நோயாளியைக் கிடத்த ஒரு மேசை என்று உள்ளே ஒரு குடித்தனமே நடந்தது. மற்ற மாதங்களில் அச்சன்புதூர், சுந்தரபாண்டியபுரம் என்று சுற்றுவோம். சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் ஒரு சத்திரத்தை ஒட்டி நிறுத்திவிடுவோம். பாறையில் வழுக்கி மண்டையை உடைத்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் குறைவே இருக்காது. மழை மூட்டத்தில் பகலிலேயே வண்டிக்குள் இருட்டு. தையல் போட வெளிச்சம் வேண்டும். ஓடாமல் நிற்கிற வண்டியில் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? அதனால் சத்திரத்து வராந்தாவிலிருந்து வயர் இழுத்து, வண்டிக்கடியில் போல்ட் வைத்து முடுக்கியிருந்த கன்வெர்ட்டரில் கொடுத்திருந்தோம். கட்டடத்துக் கரண்டை வாங்கி, பேட்டரி தாங்குகிற அளவுக்கு மாற்றிக் கொடுக்கும் இரும்புப் பெட்டி அது.

அந்த வருஷம் சாரல் விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் இருமலுக்கு மருந்து வாங்க வந்த பெண் கைப்பிடியைத் தொட்டதும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். டிரைவர் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், மங்கலாக எரிந்தது. மறுநாள் எரியவில்லை. அதற்கடுத்த நாள் எரிந்தது. வண்டிக்குள் இருக்கிற எங்களுக்கு எதுவும் தெரியாது. ஈரத் தரையில் காலை வைத்துக்கொண்டு தொடுகிறவர்களுக்குத்தான் விறுவிறுத்தது. "ஈரத்துக்கு அப்படித்தான் இருக்கும் நர்சம்மா. தொட்டே ஆகணும்னா புறங்கையால தொடுங்க. உள்ளங்கை பட்டா விரலு மடங்கிப் பிடிச்சுக்கிடும், விடாது" என்றார் டிரைவர். சொல்லிவிட்டு டியூபைச் சுற்றினார். சாரல் விடும்வரை அதுதான் ஏற்பாடு. நான் வண்டியிலிருந்து இறங்கும்போதெல்லாம் எதையும் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தேன். டாக்டரம்மா சிரிப்பார். ஆனால் அவரும் அப்படித்தான் குதித்தார்.

வேடிக்கை என்னவென்றால், ஊர் பயப்படவில்லை. வாதத்துக்கும் நரம்புக்கும் அருவியில் தலையைக் கொடுக்க வருகிற கூட்டம் அல்லவா? "டாக்டரம்மா வண்டியத் தொட்டா மரத்த கை தெளியுது" என்று யாரோ கிளப்பிவிட, எண்ணெய் வழிய, ஈரம் சொட்ட, வண்டியைத் தொட்டுப் பார்க்கவே ஆள் வர ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா கத்துவார். டிரைவர் குச்சியை எடுத்துக்கொண்டு விரட்டுவார். இந்தப் பக்கம் போனவர்கள் அந்தப் பக்கமாக வருவார்கள்.

அந்தக் கூட்டத்தில் என் மாமனாரும் இருந்தார். தென்காசியில் தையற்கடை வைத்திருந்தவர். நர்சு வேலைக்கு மருமகளை அனுப்பக் கூடாது என்று சொந்தமெல்லாம் குதித்தபோது, எனக்கு வெள்ளை ரவிக்கை தைத்துக் கொடுத்து, "போயிட்டு வா" என்று சொன்ன மனிதர். முந்தைய வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நடை தேறிவிட்டது, வலதுகை விரல்கள் மட்டும் மடங்கவே இல்லை. கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கையில் வைப்பார், அது நழுவி விழும். மறுபடி எடுத்து வைப்பார். சீசன் முழுக்கத் தினமும் பஸ் ஏறி அருவிக்கு வந்தார். வண்டியைத் தொட வேண்டாம் என்று அவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். "சரிம்மா, சரிம்மா" என்பார்.

அன்று நான் உள்ளே கட்டுத்துணி வெட்டிக்கொண்டிருந்தேன். "எம்மா, இங்கன பாரு" என்று குரல் கேட்டது. ஈர வேட்டியோடு சேற்றில் நின்றார். இடது கையால் டியூபை மேலே தள்ளிவிட்டு, வலது கையைத் தூக்கிப் பித்தளையில் வைத்தார். விரல்கள் மடங்கின. ஒரு வருஷமாக அசையாத அந்த நாலு விரலும் கைப்பிடியைச் சுற்றி இறுகின. அவர் முகம் மலர்ந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு கணம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் அவர் வாய் கோணிக்கொண்டது. கை தோளோடு சேர்ந்து உதறியது. விரல் விடவில்லை.

நான் அவர் கையைப் பிடிக்கப் பாய்ந்தேன். டாக்டரம்மா பின்னாலிருந்து என் முந்தானையைப் பற்றி இழுத்தார். "தொடாதே, நீயும் போயிருவ. பிளக்கைப் பிடுங்கு." பின்கதவு வழியாகக் குதித்தேன். வராந்தாவுக்கு இருந்த அந்தக் கொஞ்ச தூரம் எனக்கு முடியவே இல்லை. கால் சேற்றில் வழுக்கியது. பிளக்கைத் தொடவும் பயம், தொடாமலிருக்கவும் பயம். வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர் மழைத் தண்ணீரில் விழுந்து கிடந்தார். கை பழையபடி விரிந்து கிடந்தது. டாக்டரம்மா நெஞ்சை அழுத்தி அழுத்தி மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

அதன்பிறகுதான் டிரைவர் எல்லாரையும் தள்ளி நிறுத்திவிட்டு முழுதாகச் சோதித்தார். கையில் ரப்பர் சுற்றிக்கொண்டு, கரண்டைக் கொடுப்பதும் பிடுங்குவதுமாக, முதலில் விளக்கைக் கழற்றினார், டெஸ்டர் எரிந்தது. மின்விசிறியைக் கழற்றினார், எரிந்தது. பேட்டரியையும் விலக்கினார், அப்போதும் எரிந்தது. பெட்டியையே வண்டியிலிருந்து பிரித்த பிறகுதான் அணைந்தது. திறந்து பார்த்தால் உள்ளே கம்பிமேல் சுற்றிய துணி ஈரத்தில் ஊறிக் கருகி, செம்புக் கம்பி பெட்டியின் தகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிளக்கோ இரண்டு முனைப் பிளக், எப்படித் திருப்பிச் செருகினாலும் விளக்கு எரியும். ஒரு பக்கம் செருகினால் வண்டியில் லேசான விறுவிறுப்பு, சில நாள் அதுவும் இருக்காது. மறுபக்கம் செருகினால் வண்டி முழுக்கக் கரண்டு. அன்று காலை வராந்தாவைக் கூட்டியவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபக்கமாகச் செருகியிருக்கிறார். அவர் என்ன கண்டார் பாவம். டிரைவர் பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். "ஈரம்னுல்லா நெனச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

திருநெல்வேலிக்குச் சொல்லி அனுப்பி, புதுப் பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கியது. பலகை வைத்து அதன்மேல் முடுக்கினார்கள். இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து, வண்டியிலிருந்து அதற்கு ஒரு வயர் கொடுத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். டெஸ்டர் எரியவில்லை. ஆனாலும் யாரும் கைப்பிடியருகே போகவில்லை. கடைசியில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் நின்று, புறங்கையால் தொட்டேன். குளிர்ந்த பித்தளை, அவ்வளவுதான்.

மாமனார் தேறி மறுபடி அருவிக்கு வந்தார். எனக்குத் தெரியாமல் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்திருக்கிறார் என்று டிரைவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒன்றும் இல்லை என்றதும் பஸ்ஸேறிப் போய்விட்டாராம். அடுத்த சீசனுக்கு அவர் வரவே இல்லை. என்னைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. பல வருஷம் கழித்து, படுக்கையில் கிடந்தபோது, இடது கையால் வலது கையைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

"எம்மா, அன்னைக்கு வெரலு மடங்குச்சுல்லா? நீ பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"எல்லாரும் இல்லங்காங்க. நீ பாத்தேல்லா."

இப்போது என் வீட்டில் பிரிட்ஜ், கிரைண்டர், இரும்புக் கதவு எல்லாவற்றையும் நான் முதலில் புறங்கையால்தான் தொடுகிறேன். மகன் கேலி செய்வான், செய்துவிட்டுப் போகட்டும். தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் டியூப் விலகிய அந்தப் பித்தளைக் கைப்பிடி கண்முன் வருகிறது. அதைச் சுற்றி நாலு விரல் மடங்குகின்றன. நோய் வந்தபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதைத்தான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.